ஸ்டாம்ப் ஒட்டாத சர்வேயும் பகுதி இல்லாத பின்னமும்

இப்பல்லாம் பேப்பரைப் பிரித்தால் அடிக்கடி இப்படி ஒரு தலைப்பு கண்ணில் படுகிறது. "டாக்டர்களில் இத்தனை சதவீதம் பேர் மன அழுத்தத்தில்." "நர்சுகளில் பாதிப் பேர் வேலையை விட நினைக்கிறார்கள்." படிச்சதும் நமக்கு பக்குனு ஆகும். அடடா, நாளைக்கு நமக்கு ஊசி போட ஆள் இருக்குமான்னு ஒரு கவலை வரும். ஆனா கடைசி பாரா வரைக்கும் பொறுமையா போய்ப் பாருங்க. "ஆன்லைன் மூலம் நடத்தப்பட்ட ஆய்வு" என்று ஒரு வரி இருக்கும். எத்தனை பேர் பதில் சொன்னாங்கன்னு இருக்கும். எத்தனை பேரைக் கேட்டாங்கன்னு மட்டும் இருக்காது. ஏன் இல்லைன்னா, பல சமயம் கேட்டவங்களுக்கே அது தெரியாது.

ஆறாம் வகுப்பில் பின்னம் படித்தோமே, ஞாபகம் இருக்கா? மேலே இருக்கறது தொகுதி, கீழே இருக்கறது பகுதி. கீழே எண் எழுதாம வெறும் தொகுதியை மட்டும் எழுதிக் காட்டினா கணக்கு வாத்தியார் காதைத் திருகுவார். இன்னிக்கு டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர் இவங்களைப் பற்றி வரும் ஆன்லைன் சர்வேக்களில் பாதிக்கு மேல் இந்தக் காது திருகலுக்குத் தகுதியானவை என்பது என் கட்சி. இன்னிக்கு அதைத்தான் கொஞ்சம் கிழிக்கலாம்னு இருக்கேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் "அந்தக் காலத்துல தபால் எவ்வளவு அருமையா இருந்தது தெரியுமா"ன்னு பெருமூச்சு விடற ஆள் இல்லை. கம்ப்யூட்டரில் கேள்வி கேட்பது பாவமும் இல்லை. என் சண்டை வேற. தபாலை விட்டபோது தபாலோடு கூட வந்த ஒழுக்கத்தையும் சேர்த்து விட்டுட்டோம். குளிப்பாட்டின தண்ணியோட குழந்தையையும் கொட்டின கதை.

தபால் என்ன சாதித்தது?

1951 அக்டோபர் கடைசி. இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்று ரெண்டு பேர் சேர்ந்து, மருத்துவப் பதிவேட்டில் பெயர் இருந்த டாக்டர்களுக்கெல்லாம் ஒரு கடிதம் போட்டார்கள். 59,600 கடிதங்கள். உள்ளே பக்கம் பக்கமா கேள்வி கிடையாது. சிகரெட் பிடிப்பீங்களா, முன்னாடி பிடிச்சீங்களா, எவ்வளவு, இந்த அளவுதான். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பேர், அதாவது 40,000 பேருக்கு மேல், பயன்படுத்தக்கூடிய பதிலை அனுப்பினார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவு பற்றிய முதல் முடிவு 1954-இல் வந்தது. அதே டாக்டர்களை விடாமல் தொடர்ந்து, ஐம்பது வருட முடிவு 2004-இல் வந்தது. விடாமல் புகைத்தவருக்கு ஆயுளில் சுமார் பத்து வருடம் போச்சு என்று உலகத்துக்குச் சொன்னது அந்தக் கடிதக்கட்டுதான்.

இதில் பெரிய விஷயம் 40,000 என்ற எண் இல்லை. 59,600 என்ற எண்தான் பெரிய விஷயம். பிரிட்டனில் 1858-இல் சட்டம் போட்டு அடுத்த வருடத்திலிருந்து டாக்டர்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்ததால் யார் பதில் போட்டார், யார் போடவில்லை என்று ரெண்டு பக்கமும் தெரிந்தது. பதில் போடாதவர்களும் பதிவேட்டில் இருந்தார்களே, அவர்கள் இறந்தாலும் தெரிந்தது. பார்த்தால், ஆரம்ப வருடங்களில் பதில் போட்டவர்களின் இறப்பு விகிதம் மொத்த டாக்டர்களின் விகிதத்தை விடக் குறைவு! அதாவது அப்போதே நோயில் படுத்திருந்தவர் கடிதத்தைப் பிரித்து பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை. இதைக் கண்டுபிடித்து, அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முடிவு சொல்ல முடிந்தது. பேசாதவன் யார் என்று தெரிந்தால் அவனுடைய மௌனமும் ஒரு தகவல். யாரென்றே தெரியாவிட்டால் அது வெறும் ஓட்டை.

அமெரிக்காவில் 1976-இல் நர்சுகள் ஆய்வு தொடங்கியது. 11 மாநிலங்களில், 30 முதல் 55 வயதுவரை உள்ள திருமணமான நர்சுகள் சுமார் 1,70,000 பேருக்குத் தபாலில் கேள்வித்தாள் போனது. 1,21,700 பேர் பதில் போட்டார்கள். ரெண்டு வருடத்துக்கு ஒருதரம் புதுக் கேள்வித்தாள். 1980களில் கால் விரல் நகத்தை வெட்டி அனுப்பும்மான்னு கேட்டபோது 60,000-க்கும் மேற்பட்டவர்கள் நகத்தை கவரில் போட்டு அனுப்பினார்கள். சிரிக்காதீங்க, நகத்தில் செலினியம் மாதிரி தாதுக்களை அளக்கலாம். தபாலில் நகம் வாங்கின காலம் அது. இன்னிக்கு ஒரு க்ளிக் வாங்க நாக்கு தள்ளுது.

1982-இல் தொடங்கிய அமெரிக்க டாக்டர்கள் ஆய்வும் அப்படித்தான். 2,61,248 ஆண் டாக்டர்களுக்குக் கடிதம். 1,12,528 பேரிடமிருந்து பதில். அதிலிருந்து வடிகட்டி 22,071 பேர். மாத்திரைகூட தபாலில்தான் போனது. ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு முதல் மாரடைப்பு 44 சதவீதம் குறைவு என்று 1989-இல் வந்ததே, அது இதிலிருந்துதான். இந்தக் கதையில் ஒவ்வொரு படியிலும் ஒரு எண் இருப்பதைக் கவனிச்சீங்களா? எவ்வளவு பேரைக் கேட்டோம், எவ்வளவு பேர் வந்தாங்க, எங்கே எவ்வளவு பேர் கழண்டுக்கிட்டாங்க. வீட்டுக் கணக்கு நோட்டு மாதிரி பைசா சுத்தம்.

ஒரு நேர்மைக்காக இதையும் சொல்லணும். இந்த ரெண்டு அமெரிக்க ஆய்வும், பங்கெடுத்தவர்களை அவர்களுக்குள்ளேயே ஒப்பிட்டுப் பார்ப்பவை. ஆஸ்பிரின் எடுத்தவர், எடுக்காதவர் என்று. அங்கே எல்லா டாக்டர்களின் சரியான மாதிரியா இருக்கணும்னு அவ்வளவு கட்டாயம் இல்லை. ஆனா "டாக்டர்களில் இத்தனை சதவீதம்" என்று சொல்லக் கிளம்பும் சர்வேக்கு பகுதிதான் உயிர். அவங்களே இவ்வளவு ஒழுங்கா கணக்கு வெச்சாங்கன்னா, இவங்க எவ்வளவு வெச்சிருக்கணும்?

ஓசி லிங்க் என்ன செய்தது?

ஒரு தபால் சர்வே பண்ணணும்னா என்னென்ன வேணும்? பட்டியல் வேணும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கவர், உள்ளே ஸ்டாம்ப் ஒட்டின பதில் கவர். கவருக்குக் காசு, ஸ்டாம்புக்குக் காசு. காசு கொடுக்கறதாலயே எத்தனை கவர் வாங்கினோம்னு கணக்கு இருக்கும். "முகவரிதாரர் இல்லை"ன்னு திரும்பி வந்த கவரும் மேஜை மேல உட்கார்ந்து நம்மைப் பார்த்துக்கிட்டே இருக்கும். அதாவது பின்னத்தின் பகுதியை தபால்காரரே எழுதிக் கொடுத்துடுவார். நாம நேர்மையா இருக்கணும்னு முடிவு பண்ண வேண்டியதே இல்லை, ஸ்டாம்ப் நம்மை நேர்மையா வெச்சிருக்கும்.

லிங்க்குக்கு எந்தச் செலவும் இல்லை. கூகுள் ஃபார்மில் இருபது கேள்வி தட்டச்சு பண்ணி, காலேஜ் வாட்ஸப் குழுவில் போட்டு, "ப்ளீஸ் ஃபார்வர்ட் பண்ணுங்க"ன்னு ஒரு கும்பிடு பொம்மையும் போட்டா முடிஞ்சது. பத்து நாளில் நானூறு பதில். எக்செல்லில் இறக்கி, வண்ண வண்ண வட்டப்படம் போட்டு, கட்டுரை ரெடி. யார் கண்ணில் அந்த லிங்க் பட்டது? யார் பார்த்துட்டு நகர்ந்தாங்க? யார் ரெண்டு தடவை நிரப்பினாங்க? நிரப்பினவர் டாக்டர்தானா? எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். தெரியாது.

நான் டாக்டர் இல்லை. என் வீட்டில் யாரும் டாக்டர் இல்லை. ஆனா கொரோனா சமயத்தில் மட்டும் எனக்கு ஃபார்வர்டில் வந்த "மருத்துவப் பணியாளர்களுக்கான" சர்வே லிங்க் மூணு. ஒண்ணை திறந்து பார்த்தேன். "நீங்கள் எந்தத் துறை?" என்று கேட்டு ஒரு பட்டியல் விரிந்தது. மயக்கவியல்னு தட்டினா மயக்கவியல் நிபுணர், எலும்புன்னு தட்டினா எலும்பு டாக்டர். எம்.பி.பி.எஸ். அஞ்சரை வருஷம், இது அரை நொடி. பதிவு எண் கேட்கவே இல்லை. மூடிட்டு வந்துட்டேன். மூடாம நிரப்பினவங்க எத்தனை பேரோ!

இதுக்கு ஒரு கௌரவமான பெயர் வேறு வெச்சிருக்காங்க. ஸ்னோபால் சாம்ப்ளிங். பனிப்பந்து உருண்டு உருண்டு பெருசாகிற மாதிரி, ஒருத்தர் மூலமா இன்னொருத்தரைப் பிடிக்கறது. அந்த முறை தப்பு இல்லை. போதை ஊசி போட்டுக்கறவங்க மாதிரி, பட்டியலே இல்லாத, ஒளிஞ்சு வாழ்கிற மக்களை ஆய்வு செய்ய அதுதான் வழி. ஆனா டாக்டர் என்ன ஒளிஞ்சு வாழற கூட்டமா? வாசலில் பேரும் பட்டமும் எழுதி போர்டு மாட்டி, பதிவு எண் அச்சடித்த சீட்டில் மருந்து எழுதித் தரும் தொழில் அய்யா அது! பட்டியல் உள்ள ஒரு தொழிலைப் பிடிச்சு பட்டியல் இல்லாதவங்க முறையில் ஆராய்ச்சி பண்றது சோம்பேறித்தனமா இல்லையான்னு நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் கணக்கு போடுவோம்

ஒரு மாவட்டத்தில் 1000 டாக்டர்கள்னு வெச்சுக்குவோம். ஆயிரம் பேருக்கும் கேள்வி போகுது. 120 பேர் பதில் சொல்றாங்க. அதில் 90 பேர் "வேலைப்பளு தாங்கல, நொந்து போயிருக்கேன்"கிறாங்க. உடனே தலைப்பு: "75 சதவீத டாக்டர்கள் நொந்து போயிருக்கிறார்கள்."

இப்ப வாயைத் திறக்காத 880 பேர் கதை என்ன? அவங்க யாருமே நொந்து போகலைன்னா, ஆயிரத்தில் 90, அதாவது 9 சதவீதம். எல்லாருமே நொந்து போயிருந்தா, 970, அதாவது 97 சதவீதம். உண்மை 9-க்கும் 97-க்கும் நடுவில் எங்கேயோ இருக்கு. இதைச் சொல்ல சர்வே எதுக்கு? நம்ம தெரு முனை ஜோசியரே போதும்.

அதே ஆயிரத்தில் 700 பேர் பதில் சொல்லி, 525 பேர் நொந்து போனதா சொன்னா அதே 75 சதவீதம்தான். ஆனா இப்ப உண்மை 52.5-க்கும் 82.5-க்கும் நடுவில்தான் இருந்தாகணும். எப்படிப் பார்த்தாலும் பாதிக்கு மேல். இதை வெச்சு அமைச்சர் முன்னாடி மேஜையைத் தட்டிப் பேசலாம்.

முதல் உதாரணத்தில் கூட ஆயிரம் என்ற எண்ணாவது இருந்தது. வாட்ஸப் லிங்க்கில் அதுவும் கிடையாது. 9-97 என்று சொல்லக்கூட வக்கில்லை.

"ஆனா ஆயிரக்கணக்கில் பதில் வருதே?"

இது அடுத்த வாதம். நிறைய வந்தா சரியாத்தான் இருக்கும்கிற நம்பிக்கை. இந்த நம்பிக்கைக்கு வயசு தொண்ணூறு. 1936-இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஜனாதிபதி தேர்தலுக்காக ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அனுப்பியது. சுமார் 23 லட்சம் திரும்பி வந்தது. லாண்டன் அமோக வெற்றின்னு எழுதினாங்க. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கிட்டுப் போயிட்டார். போன் டைரக்டரி, கார் பதிவுப் பட்டியல்னு வசதியானவங்க பெயரா பொறுக்கினது ஒரு தப்பு. பதில் போட்டவங்க ஒரு மாதிரி ஆளுங்க, போடாதவங்க இன்னொரு மாதிரி என்பது இன்னொரு தப்பு. 1938-இல் பத்திரிகையே மூடியாச்சு. கவனிங்க, இது தபால் சர்வே! அதனாலதான் தபால் புனிதம்னு நான் சொல்லவே இல்லை.

இதே கூத்து 2021-இல் ஆன்லைனில் நடந்தது. அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி எத்தனை பேர் போட்டுக்கிட்டாங்கன்னு கண்டுபிடிக்க ஃபேஸ்புக் வழியா ஒரு சர்வே. வாரத்துக்கு சுமார் 2,50,000 பதில். 2021 மே மாதக் கணக்கில் உண்மையை விட 17 சதவீதப் புள்ளி அதிகமா சொல்லிச்சு. அதே நேரத்தில் ஆக்ஸியோஸ்-இப்சோஸ் சர்வே வாரத்துக்கு சுமார் 1000 பேரைத்தான் கேட்டது, உண்மைக்குப் பக்கத்தில் வந்து நின்னது. இதை அலசி 2021 டிசம்பரில் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த ரெண்டரை லட்சம் பதில், சரியான முறையில் குலுக்கிப் போட்டு எடுத்த 10 பேரைக் கேட்டதுக்குத்தான் சமம்னு கணக்குப் போட்டுக் காட்டினாங்க. பத்தே பேர்!

இதில் எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஜெயிச்ச இப்சோஸ் சர்வேயும் ஆன்லைன்தான். ஆனா அதில் சேர ஆளைப் பிடிக்கறது வீட்டு முகவரிப் பட்டியலிலிருந்து, தபால் மூலம். வீட்டில் இன்டர்நெட் இல்லாதவங்களுக்கு அவங்களே கருவியும் இணைப்பும் கொடுக்கறாங்க. கேள்வி திரையில் இருக்கலாம், பேப்பரில் இருக்கலாம். யாரைக் கேட்கணும்னு முடிவு பண்றது கேட்கறவன் கையில் இருக்கணும். அதை "விருப்பம் உள்ளவர்கள் க்ளிக் செய்யவும்"னு விட்டா போச்சு.

யார் குரல் காணாமல் போகிறது?

இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான்.

வேலைப்பளு பற்றின சர்வேயை நிரப்ப யாருக்கு நேரம் இருக்கும்? வேலைப்பளு கம்மியா இருக்கறவங்களுக்கு. இல்லைன்னா, பொங்கி வெடிச்சு யார்கிட்டயாவது கொட்டணும்னு இருக்கறவங்களுக்கு. நடுவில், தொடர்ந்து மூணு நைட் டூட்டி பார்த்து, காலையில் வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு டிபன் பாக்ஸ் கட்டிட்டு, கால் வீங்கிப் படுக்கிற நர்ஸம்மா இருக்காங்களே, அவங்க அந்த லிங்க்கைத் திறக்கவே மாட்டாங்க. யாரைப் பற்றி தெரிஞ்சுக்க இந்த சர்வேயோ, அவங்களே அதில் இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளை இல்லாத மாதிரி.

அதோட இன்னொண்ணு. நம்ம ஊரில் இந்த லிங்க் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில், ஈமெயிலும் ஸ்மார்ட்போனும் கையுமா இருக்கறவங்களுக்காக. மெடிக்கல் காலேஜ் பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கு சரி. கிராம சுகாதார செவிலியருக்கு? ஆஷா பணியாளருக்கு? ஆஸ்பத்திரி துப்புரவுப் பணியாளரும் ஊசி குத்தி நோய் தொற்றும் ஆபத்தில் இருக்கறவங்கதானே, அவங்களுக்கு? அவங்களை விட்டுட்டு "மருத்துவப் பணியாளர்கள் கருத்து"ன்னு தலைப்பு வைக்கறது பச்சையா சொன்னா ஏமாத்து.

இதனால் நஷ்டம் யாருக்கு? கேட்கறவங்களுக்கு இல்லை, அவங்களுக்குக் கட்டுரை வந்துடும். நாளைக்கு நர்ஸ் சங்கம் "ஆள் பத்தலை, பாருங்க சர்வே"ன்னு நீட்டும்போது, எதிரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி "இது வாட்ஸப் சர்வே, இதை யார் நம்புவா"ன்னு ஓரமா தள்ளிடலாம். அவர் சொல்றதிலும் நியாயம் இருக்கும், அதான் கொடுமை. மட்டமான சர்வே உண்மையான புகாரையும் சேர்த்துக் கொன்னுடும்.

பயமும் ஒரு காரணம்

தபாலில் ஒரு அழகான ஏற்பாடு இருந்தது. பதில் கவரில் பெயர் எழுத வேண்டாம். கூடவே ஒரு தனி போஸ்ட்கார்டு, அதில் "நான் பதில் அனுப்பிட்டேன்" என்று பெயரோடு. ரெண்டையும் தனித்தனியா தபால்பெட்டியில் போடணும். யார் அனுப்பினாங்கன்னு ஆய்வாளருக்குத் தெரியும், எந்தப் பதில் யாருடையதுன்னு தெரியாது. போஸ்ட்கார்டு வராதவருக்கு மட்டும் நினைவூட்டல் போகும்.

லிங்க்கில்? எல்லாருக்கும் ஒரே லிங்க் கொடுத்தா ரகசியம் இருக்கும், ஆனா யார் நிரப்பலைன்னு தெரியாது, ஒரே ஆள் நாலு தடவையும் நிரப்பலாம். ஆளுக்கொரு லிங்க் கொடுத்தா கணக்கு இருக்கும், ஆனா "சூப்பிரண்டுக்குத் தெரிஞ்சுடுமோ"ன்னு பயம். ஆஸ்பத்திரி நிர்வாகமே லிங்க் அனுப்பி, "மேலதிகாரி உங்களைத் திட்டுவாரா?"ன்னு கேட்டா எந்த நர்ஸ் உண்மையைச் சொல்வாங்க? "எங்க ஆபீசர் தங்கமானவர்"னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவாங்க.

ஆன்லைனில் ஒழுங்கா பண்ணவே முடியாதா?

பேஷா முடியும். அதனாலதான் இவ்வளவு கோபம்.

2020 ஜனவரி கடைசி, பிப்ரவரி ஆரம்பம். சீனாவில் கொரோனா உச்சத்தில். அந்த நெருப்பு நடுவில் 34 ஆஸ்பத்திரிகளில் மருத்துவப் பணியாளர்களின் மனநிலை பற்றி ஒரு சர்வே பண்ணினாங்க. 1830 பேரை அணுகினோம், 1257 பேர் பதில் சொன்னாங்க, 68.7 சதவீதம்னு பளிச்சுனு எழுதினாங்க. பாதிப் பேருக்கு மனச்சோர்வு அறிகுறின்னு அவங்க சொன்னபோது உலகம் காது கொடுத்துக் கேட்டது. ஊரே அடங்கிக் கிடந்தபோதே அவங்களால் பகுதியை எழுத முடிஞ்சது. குளுகுளு அறையில் உட்கார்ந்து பண்ற நமக்கு முடியாதா?

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை 2003-இலிருந்து ஊழியர் சர்வே நடத்துது. இப்ப பெரும்பாலும் ஆன்லைன், சிலருக்கு பேப்பர். நிர்வாகம் நேரா பதிலைப் பார்க்காம, வெளி நிறுவனங்கள் மூலம் வாங்கறாங்க. 2023-இல் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னாங்க. ஆனா அவங்க தலைப்பில் அந்த 7 லட்சத்தை மட்டும் போட்டு மார் தட்டலை. 48 சதவீதம் என்று சொன்னாங்க. பாதிப் பேருக்கு மேல் பதில் சொல்லலைன்னு அவங்களே ஒத்துக்கறாங்க பாருங்க, அங்கதான் மரியாதை வருது.

ஆன்லைனுக்கு நிஜமான நன்மைகளும் இருக்கு. "இல்லை"ன்னு சொன்னவருக்கு அடுத்த பத்து கேள்வியைத் தானே தாண்டிவிடும். கையெழுத்து புரியாம தப்பா ஏத்தற பிரச்சினை இல்லை. தொற்று பரவும்போது ஒரு வாரத்தில் நிலவரம் தெரியும். தபாலும் தேய்ஞ்சுக்கிட்டே வருது. டென்மார்க்கில் போஸ்ட்நார்ட் 2025 கடைசியோட கடிதம் பட்டுவாடா பண்றதையே நிறுத்திட்டாங்க. எல்லாம் சரி.

பதில் வாங்கறது எப்படின்னும் உலகம் நிறைய கத்துக்கிட்டு இருக்கு. டான் டில்மன் 1978-இலேயே இதுக்குன்னு ஒரு முழுப் புத்தகம் போட்டார். 2009-இல் காக்ரேன் ஆய்வுத்தொகுப்பு தபாலுக்கு 481, மின்னணுவுக்கு 32 சோதனைகளை அலசினது. தபாலில் பதில் வருமுன்னே கொஞ்சம் காசு வெச்சு அனுப்பினா, கேள்வி குறைவா இருந்தா, நினைவூட்டல் போனா பதில் கூடுது. ஈமெயிலில் கேள்வி குறைவா இருந்தா, "மத்தவங்க பதில் சொல்லிட்டாங்க"ன்னு ஒரு வரி இருந்தா கூடுது. வேடிக்கை என்னன்னா, தலைப்பு வரியில் "சர்வே"ங்கற வார்த்தை இருந்தாலே பதில் குறையுதாம்! ஜனங்க அவ்வளவு நொந்து போயிருக்காங்க.

டாக்டர்கள் எப்பவுமே கஷ்டமான கிராக்கிதான். மருத்துவ இதழ்களில் 1991-இல் வெளியான தபால் சர்வேக்களைப் பற்றி 1997-இல் ஒரு அலசல் வந்தது. டாக்டர்களிடம் சராசரி 54 சதவீதம், மத்தவங்ககிட்ட 68 சதவீதம். "தபாலிலேயே வரலை, அதான் லிங்க்"னு சொல்றவங்களுக்கு ஒண்ணு கேட்கறேன். 54 வரலைன்னு அலுத்துக்கிட்டு, எத்தனைன்னே தெரியாத இடத்துக்குப் போறது எந்த ஊர் நியாயம்? மீட்டர் அதிகமா ஓடுதுன்னு மீட்டரைப் பிடுங்கிப் போட்ட ஆட்டோக்காரர் கதைதான்.

என்னதான் செய்யச் சொல்றே?

அஞ்சே அஞ்சு விஷயம்.

1. பட்டியலிலிருந்து ஆரம்பிங்க. இந்தியாவில் மாநில மருத்துவக் கவுன்சில் பதிவேடுகளில் இறந்தவர், வெளிநாடு போனவர் பெயரெல்லாம் கலந்து கிடந்தது உண்மைதான். ஆனா தேசிய மருத்துவ ஆணையம் 2024 ஆகஸ்டில் தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கு இணையதளம் திறந்திருக்கு. நர்சுகளுக்கும் இந்திய நர்சிங் கவுன்சிலின் பதிவு முறை இருக்கு. அது முழுமையாகும்வரை, ஒரு மாவட்டத்தின் ஆஸ்பத்திரிகளில் சம்பளப் பட்டியலை வெச்சு 300 பேரைக் குலுக்கி எடுங்க. நாடு முழுக்க ஐயாயிரம் அநாமதேயப் பதிலை விட அது மேல்.

2. முதல் அழைப்பு பேப்பரில் போகட்டும். பெயர் போட்ட கடிதம், உள்ளே ஆளுக்கொரு லிங்க் அல்லது க்யூஆர் கோடு. பதில் வராதவருக்கு ரெண்டாவது, மூணாவது தடவை பேப்பர் கேள்வித்தாளும் பதில் கவரும். ரெண்டையும் ஒரே நேரத்தில் நீட்டி "எது வேணுமோ எடுத்துக்கோ"ன்னா பதில் கொஞ்சம் குறையுதுன்னு சோதனைகள் சொல்லுது. ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு.

3. நாட்டுல இருக்கற கேள்வியெல்லாம் கேட்காதீங்க. டாலும் ஹில்லும் அந்தச் சின்னக் கடிதத்தை வெச்சுத்தான் உலகத்தை மாத்தினாங்க. நீங்க 84 கேள்வி கேட்டு என்னத்தை மாத்தினீங்க? தமிழ்நாட்டு நர்ஸைக் கேட்கறதா இருந்தா தமிழில் கேளுங்க.

4. நிர்வாகத்துக்கும் பதிலுக்கும் நடுவில் ஒரு சுவர் கட்டுங்க. அந்தச் சுவர் இருக்குன்னு பதில் சொல்றவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.

5. கடைசியா, முக்கியமா. எத்தனை பேரைக் கேட்டோம், எத்தனை பேர் திறந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்கன்னு மூணு எண்ணையும் முதல் பாராவில் எழுதுங்க. ஆன்லைன் சர்வேக்களுக்கான 'செர்ரீஸ்' என்ற சரிபார்ப்புப் பட்டியலை குந்தர் ஐசன்பாக் 2004-இலேயே போட்டுக் கொடுத்துட்டார். இதெல்லாம் அதில் இருக்கு. இருபது வருஷம் தாண்டியாச்சு, இன்னும் "அப்படியா, தெரியாதே"ன்னா எப்படி?

இந்த மூணு எண் இல்லாத சர்வேயை இதழ் ஆசிரியர்கள் திருப்பி அனுப்பணும். செய்தியாளர்கள் சதவீதக் குறியை அதற்குப் போடவே கூடாது. "400 பேர் இப்படிச் சொன்னார்கள்"னு எழுதுங்க, யாரும் கேள்வி கேட்கப் போறதில்லை. "டாக்டர்களில் 75 சதவீதம்"னு எழுத உங்களுக்கு உரிமை இல்லை. ஏன்னா நீங்க கேட்டது டாக்டர்களை இல்லை, லிங்க்கை அழுத்தினவங்களை.

இதில் நமக்கென்ன, டாக்டர் பாடு, ஆராய்ச்சிக்காரன் பாடுன்னு விட்டுட முடியாது. அந்த எண்களை வெச்சுத்தான் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ், ஒரு டாக்டருக்கு எத்தனை மணி நேர டூட்டின்னு நாளைக்கு முடிவாகப் போகுது. அந்த வார்டில் படுக்கப் போறது நீங்களும் நானும்தான். அடுத்த தடவை இப்படி ஒரு தலைப்பைப் பார்த்தா, பகிர்றதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எத்தனை பேர்ல?"

பி.கு: சர்வே நடத்தும் நண்பர்கள் யாராவது இதைப் படிச்சுட்டு திட்டணும்னு நினைச்சா தாராளமா திட்டலாம். போஸ்ட்கார்டில் திட்டினா கூடுதல் சந்தோஷம்.